காளவாய்ச் சுண்ணாம்பும் அணுக்கருவும்: தெரியுமா?

சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோவைக் காளவாயில் ஏற்றி முழுசாக வேகவிட்டால் எத்தனை கிலோ சுண்ணாம்பு இறங்கும், தெரியுமா? வெறும் 56 கிலோ! மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஆனால் வெந்து இறங்கிய கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், எடைதான் குறைந்திருக்கும். போன 44 கிலோ இருந்த இடம் என்ன ஆயிற்று? அங்கேயேதான் இருக்கிறது, ஓட்டையாக! கல் சுருங்காமல் வெந்திருந்தால், அதன் கன அளவில் பாதிக்கு மேல் வெற்றிடம். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்துளைகள்!

எங்கள் அணைக்கட்டு, ஒடுகத்தூர் தொடங்கி ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வரைக்கும் டேனரி வாசலை மிதித்த யாருக்கும் சுண்ணாம்புத் தொட்டியைச் சொல்லித் தரவேண்டாம். தோலிலிருந்து மயிரைக் கழற்றுவதும், தோலின் நாரைப் பிரித்து உப்பவைப்பதும் அதன் வேலை. தொட்டிக்குப் போவது தண்ணீர் விட்டுத் தாளித்த சுண்ணாம்பு. தாளிப்பதற்கு முந்தைய அந்தச் சுட்ட கல் இருக்கிறதே, கால்சியம் ஆக்சைடு, அதே பொருளைத்தான் ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான் கற்றைக்கு முன்னால் வைத்து, உலகத்தில் எங்கும் கிடைக்காத அணுக்களை உண்டாக்குகிறார்கள்! அவர்கள் அதைத் தேடிப் போனதும் அதே ஓட்டைகளுக்காகத்தான்.

செர்னில் ஐசோல்டே என்று ஒரு கூடம் இருக்கிறது. 1967 முதல் நடக்கிறது. 27 கிலோமீட்டர் வட்டத்தில் ஓடும் பெரிய மோதல் எந்திரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அதே வளாகத்தில் சத்தமில்லாமல் 1300க்கு மேற்பட்ட ஐசோடோப்புகளை உண்டாக்கித் தந்திருக்கும் இந்தக் கூடத்தை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 70க்கு மேற்பட்ட தனிமங்கள்! இந்தியாவும் இந்தக் கூட்டமைப்பில் உறுப்பு நாடு என்பது தெரியுமா?

வேலை நடக்கும் விதத்தைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள். டான்டலம் உலோகத்தில் விரல் பருமனைவிடச் சற்றுப் பெரிய ஒரு குழாய், ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். அதற்குள் நுண்துளைப் பீங்கான் வில்லைகளையோ தூளையோ அடைத்திருப்பார்கள். இதற்குத்தான் இலக்கு என்று பெயர். குழாயில் நேரடியாக மின்சாரத்தைப் பாய்ச்சி, உள்ளிருப்பது யுரேனியம் கார்பைடு என்றால் 2000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள். இரும்பு 1538 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்! அந்தச் சூட்டின் மேல் 1.4 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்கள் வந்து மோதும். ஒரு தாக்குதலுக்கு முப்பது லட்சம் கோடி புரோட்டான்கள்! அணுக்கரு உடைகிறது, சிதறுகிறது, புதுப்புது அணுக்கள் பிறக்கின்றன.

பிறப்பது பெரிய காரியம் இல்லை. வெளியே வருவதுதான் காரியம்! புதிதாகப் பிறந்த அணு ஒரு துகளின் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். அது துகளின் ஓரம் வரை ஊர்ந்து வரவேண்டும். மேற்பரப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓட்டைக்குள் குதிக்கவேண்டும். ஓட்டைச் சுவர்களில் மோதி மோதி, கணக்கில்லாத தடவை திரும்பித் திரும்பி, குழாயின் வாயைக் கண்டுபிடிக்கவேண்டும். அங்கே சுடுகிற குழாயிலோ லேசர் ஒளியிலோ மின்னேற்றம் பெற்று, 60,000 வோல்ட் வரையான மின்னழுத்தத்தால் இழுக்கப்பட்டு, காந்தத்தில் வளைந்து, எடைவாரியாகப் பிரிந்து, ஆய்வாளரின் கருவிக்கு வந்து சேரவேண்டும். அத்தனையும் அது சிதைந்து போவதற்குள்!

சிதைய எவ்வளவு நேரம்? லித்தியம்-11 என்று ஓர் அணுக்கரு இருக்கிறது. அதன் அரை ஆயுள் 8.75 மில்லிசெகண்டு! நாம் ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் பாதி அணுக்கள் காணாமல் போய்விடும். இந்தக் குட்டி அணுக்கருவில் மொத்தமே 11 துகள்கள்தான். ஆனால் அதன் இரண்டு நியூட்ரான்கள் வெளியே விலகி ஒளிவட்டமாகப் பரவிக் கிடப்பதால், 208 துகள்கள் கொண்ட ஈய அணுக்கருவின் பருமனுக்கு அது விரிந்து நிற்கிறது! 1985இல் இதைக் கண்டபோது அணுக்கருவின் அளவைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருந்த விதியே ஆட்டம் கண்டது. இப்படிப்பட்ட அதிசயத்தைப் பிடித்துப் பார்க்கவேண்டுமென்றால், அது தப்பித்து ஓடிவர வழி வேண்டும். வழி என்றால் ஓட்டை. ஓட்டை என்றால் நுண்துளைப் பீங்கான்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும் ஒரு கணக்கு வருகிறது. ஆட்டுத்தோலையும் எருமைத்தோலையும் ஒரே டிரம்மில் போட்டு ஒரே நேரத்தில் பதப்படுத்தி எடுக்க எந்த டேனரிக்காரரும் துணியமாட்டார். ஆட்டுத்தோலில் சரக்கு சீக்கிரம் நடுவரை இறங்கிவிடும். எருமைத்தோலில் ஓரத்தைக் கத்தியால் வெட்டிப் பார்த்தால், மேலும் கீழும் நிறம் ஏறியிருக்கும், நடுவில் வெளுப்பாக ஒரு கோடு நிற்கும். தடிமன் இரண்டு மடங்கானால் ஊறும் நேரம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு! உள்ளே போவதற்கு உள்ள அதே கணக்கு வெளியே வருவதற்கும் பொருந்தும். பீங்கான் துகளின் விட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கினால், அணு ஊர்ந்து வெளியே வரும் நேரம் நூறில் ஒன்றாகிறது. ஆயிரத்தில் ஒன்றாக்கினால் பத்து லட்சத்தில் ஒன்று! சில ஆண்டுகள் சிறைக்கிடக்க வேண்டிய அணு, சில நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் உலகத்து இலக்கு ஆய்வகங்கள் எல்லாம் நானோ அளவுத் தூளின் பின்னால் ஓடுகின்றன.

அப்படியானால் பொடியாக அரைத்து அடைத்தால் முடிந்ததா? அதுதான் இல்லை!

காளவாய் வைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: அளவுக்கு மீறி வெந்த கல் தாளிக்கும்போது சட்டென்று பொங்காது, மந்தமாகக் கிடக்கும். காரணம் என்ன தெரியுமா? அதிகச் சூட்டில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடுகின்றன, ஓட்டைகள் மூடிக்கொள்கின்றன, தண்ணீர் உள்ளே புக வழியில்லை. இதே இடத்தில்தான் ஐசோல்டேயும் முட்டிக்கொண்டது. பழைய சுண்ணாம்பு இலக்குகள் சில நாள் நன்றாக ஆர்கான் ஐசோடோப்புகளைத் தரும், பிறகு சூட்டில் துகள் பருத்து வரத்து குறையும். அவர்கள் செய்தது என்ன? நானோ அளவு கால்சியம் கார்பனேட் தூளை வெற்றிடத்தில், மிதமான சூட்டில் வேகவைத்தார்கள். வெற்றிடத்தில் கரியமில வாயு சுலபமாகக் கழன்றுகொள்ளும், அதனால் காளவாயின் 900 டிகிரி தேவையில்லை. குறைந்த சூட்டில் பிறந்த சுண்ணாம்பில் துகள் சின்னது, துளை நுண்ணியது. அந்த இலக்கைப் பழையவற்றைவிடக் குறைந்த சூட்டில் இயக்கியும் ஆர்கான் அதிகமாக வந்தது, நாள்பட்டும் குறையாமல் வந்தது!

இன்னொன்று தெரியுமா? அந்த இலக்குக்குப் பெரிய எதிரி புரோட்டான் அல்ல, ஈரக்காற்று! சுட்ட சுண்ணாம்பு மூட்டை மழையில் நனைந்தால் கொதித்துக் கிளம்பும் என்று லாரிக்காரர்களுக்குத் தெரியும். பக்கத்தில் வைக்கோல் இருந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். நானோ சுண்ணாம்புக்கு மழை வேண்டாம், காற்றிலுள்ள ஈரமே போதும், நீறி நாசமாகிவிடும். அதனால் அதைச் சுட்டது முதல் கற்றைக்கு முன்னால் வைக்கும் வரை ஈரம் படாமல் பொத்திப் பாதுகாக்கிறார்கள்.

இப்போது சோதனைக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையிலேயே அதிகம் பிடித்த பகுதி இதுதான். ஓட்டையை எப்படி அளப்பது? கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, அதுவும் கோடிக்கணக்கில்! ஒரு வழி, பாதரசம். பாதரசம் பீங்கானில் ஒட்டாது, தானாக ஓட்டைக்குள் போகாது. அழுத்தினால்தான் போகும். துளை சின்னதாகச் சின்னதாக அழுத்தம் கூடவேண்டும். காற்றழுத்தத்தைப்போல 4000 மடங்கு வரை அழுத்தி, எந்த அழுத்தத்தில் எவ்வளவு பாதரசம் உள்ளே இறங்கியது என்று பார்த்தால் எந்த அளவில் எத்தனை துளை என்ற கணக்கு கையில் வந்துவிடும்.

இன்னொரு வழி இன்னும் அழகு. பீங்கானை மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்து நைட்ரஜன் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், வாயு மூலக்கூறுகள் எல்லாச் சுவரிலும் ஓர் அடுக்காகப் படியும். எத்தனை மூலக்கூறு படிந்தது என்று எண்ணிவிட்டால் மொத்தச் சுவரின் பரப்பு தெரிந்துவிடும். ஒரு கிராம் நல்ல செயலூட்டிய கரிக்குள் 500 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருக்கிறது, தெரியுமா? இரண்டு கிரவுண்டுக்கு மேற்பட்ட மனை ஒரு சிட்டிகைக் கரிக்குள்! 1938இல் இந்த முறையைத் தந்த மூவர் புரூனவர், எம்மெட், டெல்லர். அந்த டெல்லர்தான் பின்னாளில் ஹைட்ரஜன் குண்டோடு பெயர் சேர்ந்த எட்வர்ட் டெல்லர்!

அளந்தபின் உண்மையான பரீட்சை. வில்லையை வெற்றிட உலையில் வைத்து, வேலைச்சூட்டில் நாள்கணக்கில் கிடக்கவிட்டு, எடுத்து மறுபடி அளக்கவேண்டும். சுருங்கியதா? எவ்வளவு? விரிவுமானி என்ற கருவி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சுருக்கத்தையும் சூட்டோடு சூடாகப் பதிவு செய்யும். பரப்பு எத்தனை சதவீதம் மிச்சம்? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகள்கள் தனித்தனியாக நிற்கின்றனவா, கழுத்து ஒட்டிக்கொண்டனவா? பொருள் ஆவியாகி, அணுக்கள் மின்னேற்றம் பெறும் அயனி மூலத்தை அடைக்கிறதா? 2000 டிகிரியில் சாதாரண வெப்பமானி எதுவும் தாங்காது. அதனால் உலையின் கண்ணாடி வழியாகப் பொருளின் ஒளிர்வைப் பார்த்தே சூட்டைச் சொல்லும் கருவியை வைத்து அளக்கிறார்கள்.

சூடு உள்ளே எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்க்க 1961இல் ஒரு முறை வந்தது. மெல்லிய வில்லையின் ஒரு முகத்தில் பளிச்சென்று ஓர் ஒளிவெட்டு. மறுமுகத்தில் சூடு ஏற எத்தனை மில்லிசெகண்டு ஆகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான்! இன்றைக்கும் லேசரை வைத்து உலகம் முழுக்க இதையே செய்கிறார்கள். இது ஏன் முக்கியம் என்றால், இந்தத் துறையின் பெரிய தர்மசங்கடமே இங்கேதான் இருக்கிறது. அணு வெளியே வர ஓட்டை வேண்டும். ஆனால் ஓட்டை அதிகமானால் சூடு வெளியே போகாது! கற்றை பட்ட இடம் கொதித்து, பக்கத்து இடம் தணிந்து கிடந்தால் வில்லை வெடித்துவிடும். வெடிக்காவிட்டாலும் அந்த நடுப்பகுதியில் துகள் ஒட்டி ஓட்டை மூடும். ஓட்டை வேண்டும், சூடும் ஓட வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பொருளில் கொண்டுவருவதற்காகத்தான் ஐம்பது ஆண்டுக்கு மேலாக இத்தனை பாடு.

இத்தாலியில் பாதுவா பக்கம் லெஞ்ஞாரோ ஆய்வகம் இதற்குக் கண்ட வழி, தடித்த உருளையை விட்டுவிட்டு மெல்லிய வட்டுகளாகப் பிரிப்பது. 4 சென்டிமீட்டர் விட்டத்தில் ஏழு வட்டுகள், நடுவில் இடைவெளி விட்டு வரிசையாக. 8 கிலோவாட் கற்றைச் சூட்டை ஒவ்வொரு வட்டும் ஒளிர்ந்தே கழித்துவிடுகிறது. யுரேனியத்தில் கைவைப்பதற்கு முன், சிலிக்கான் கார்பைடு வட்டுகளைத் தென்னாப்பிரிக்காவின் ஐதெம்பா ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் புரோட்டான் கற்றையில் காட்டிச் சோதித்தார்கள்.

சிலிக்கான் கார்பைடு என்றதும் யாரோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். சாணைக்கல்லில் கருப்பாக மினுங்கும் தூள் அதுதான், கார்போரண்டம்! 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கிச் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். வைரம் வரவில்லை, இது வந்தது. நம் ராணிப்பேட்டையில் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் உலைக்கற்கள் செய்கிறது. சிலிக்கான் கார்பைடு உருகவே உருகாது. 2700 டிகிரியைத் தாண்டினால் நேராகச் சிதையும். இதையே துகள் சின்னதாக, துளை அதிகமாக ஆக்கிக் கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகம் அலுமினியம்-26 கற்றை எடுத்திருக்கிறது. நம் பால்வீதி முழுக்க அலுமினியம்-26 சிதைந்து காமா ஒளி வீசிக்கொண்டிருக்கிறது! வானத்தில் இப்போதும் தனிமங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்பதற்குக் கண்கண்ட சாட்சி அது.

ஓட்டை வேண்டும் என்ற எண்ணம் முதலில் யாருக்கு வந்தது? 1951, கோபன்ஹேகன், நீல்ஸ் போரின் ஆய்வகம். கோஃபோட்-ஹான்சென், நீல்சென் என்ற இரண்டு இளைஞர்கள். யுரேனியம் ஆக்சைடில் அவர்கள் எதைக் கலந்தார்கள் தெரியுமா? பேக்கிங் பவுடர்! ரொட்டிக் கடையில் மாவை உப்பவைக்கும் அதே சங்கதி. அதிலிருந்து கிளம்பும் வாயு, யுரேனியம் பிளந்து பிறந்த கிரிப்டானை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. உலகம் முழுக்க இன்று நடக்கும் இந்த முறைக்குப் பிள்ளையார்சுழி அங்கே விழுந்தது.

இனி நம் மாநிலத்துக் கதை. துளையுள்ள, சூடு தாங்குகிற, அதுவும் அணுசக்திப் பொருளால் ஆன பீங்கானை நம்மில் நடுவயது கடந்த எல்லோரும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். எது தெரியுமா? பெட்ரோமாக்ஸ் மேண்டில்! திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன் தலையில் விளக்கைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்த விளக்கு. புது மேண்டில் மெத்தென்று ஒரு துணிப்பை. நூலால் முனையில் கட்டித் தீக்குச்சியைக் காட்டினால் ஒரு நொடி குபீரென்று எரியும், கருகும், சுருங்கும், பிறகு வெள்ளை வெளேரென்று நிற்கும். துணி போய்விட்டது! நிற்பது தோரியம் ஆக்சைடின் எலும்புக்கூடு. இழை இழையாக நெசவு அப்படியே தெரியும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும், ஆனால் சுடரின் நடுவே மாதக்கணக்கில் உருகாமல் நிற்கும். உலகத்து ஆக்சைடுகளிலேயே உருகுநிலை அதிகம் உள்ளது அதுதான், 3300 டிகிரிக்கு மேல்!

ஆஸ்திரியாவின் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக் 1891இல் 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம் என்ற கலவையைக் கண்டுபிடித்தார். அதற்குத் தோரியம் எங்கே கிடைக்கும் என்று ஐரோப்பா தேடியபோது 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்குத் துப்புக் கொடுத்தது என்பார்கள். அந்த மணல்தான் இன்று கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இந்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். எடுக்கும் மோனசைட்.

துணியை உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்து எரித்து, நெசவின் வடிவிலேயே பீங்கானைப் பெறுவது என்ற அந்த மேண்டில் வித்தை அதோடு முடியவில்லை. ரேயான் நாரை ஊறவைத்து எரித்துச் சிர்க்கோனியா நார்த்துணி செய்தார்கள், அதை ஐசோல்டே இலக்காகவே வைத்தது! நம் கொல்கத்தாவில், 1977 முதல் சைக்ளோட்ரான் இயங்கும் வி.இ.சி.சி. ஆய்வகத்தில், சல்லடைச் சல்லடையாக நிற்கும் கண்ணாடிக்கரி நுரையின் மேல் அலுமினியம் ஆக்சைடு, ஹாஃப்னியம் ஆக்சைடு ஆகியவற்றைப் பூசி இலக்கு செய்து பார்த்திருக்கிறார்கள். எலும்புக்கூடாகக் கரி நின்று சூட்டைக் கடத்தும், மேலே மெல்லிய பூச்சில் அணுக்கரு பிறக்கும். ஓட்டையும் வேண்டும் சூடும் ஓட வேண்டும் என்றேனே, அதற்கு இந்தியாவிலிருந்து ஒரு பதில்! அதே ஆய்வகம் கனடாவின் டிரையம்ஃபோடு சேர்ந்து எலக்ட்ரான் முடுக்கியையும் வடிவமைத்தது. அனுரிப் என்ற பெயரில் அரிய ஐசோடோப்புகளுக்கென்றே தனிக் கூடத்துக்குத் திட்டமும் தீட்டியது.

யுரேனியம் கார்பைடு என்றால் கல்பாக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்குள்ள வேக ஈனுலைச் சோதனை அணுஉலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாக உயிர்பெற்றது. எந்த எரிபொருளோடு தெரியுமா? புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு, அதில் 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு! உலகத்தில் வேறு எந்த உலையும் அத்தனை புளூட்டோனியம் கொண்ட கார்பைடை முழு எரிபொருளாக வைத்து ஓடியதில்லை. காற்றுப் பட்டால் தானே தீப்பற்றும் தூள் அது. மந்த வாயு நிறைத்த பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டுத்தான் வில்லை பிடிக்கவேண்டும். ஐசோல்டேக்கும் இதே தலைவலி உண்டு, அதற்குமேல் இன்னொன்றும் உண்டு. பயன்படுத்திய இலக்கைக் கதிர்வீச்சு காரணமாக மனிதர் நெருங்க முடியாது. ரோபோ கைகள்தான் கழற்றி எடுத்துப் போகும்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது என்ன என்று கேட்பீர்கள். அடுக்குகிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்! பூமியில் இயற்கையாகக் கிடைப்பதில் மிக மிக அரிய தனிமம் அஸ்டடீன். அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது வேதியியல் அட்டவணையில் நெடுநாள் காலியாகவே இருந்தது. 2013இல் ஐசோல்டே நிரப்பியது: 9.3175 எலக்ட்ரான் வோல்ட். அதே ஆண்டு ரேடியம்-224இன் அணுக்கரு உருண்டை அல்ல, பேரிக்காய் வடிவம் என்று காட்டினார்கள். அதே ஆண்டுதான் துத்தநாகம்-82ஐ எடைபோட்டு, நியூட்ரான் விண்மீனின் மேலோட்டில் எந்த அணுக்கரு எந்த ஆழத்தில் இருக்கும் என்ற கணக்கையே மாற்றினார்கள். 2023இல் தோரியம்-229 வெளியிடும் ஒளியை முதன்முறையாக நேரடியாகப் பார்த்தார்கள். அணுக்கருவையே ஊசலாக வைத்துக் கடிகாரம் செய்யலாம் என்ற கனவுக்கு அது பெரிய படி!

நம் ஊருக்குத் தெற்கே தெரிகிற ஜவ்வாது மலைத்தொடரில்தான், ஆலங்காயத்தைத் தாண்டி, காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். 1977இல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. விண்மீனின் ஒளியைப் பிரித்து அதில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று மலைமேல் படிக்கிறார்கள். அந்தத் தனிமங்கள் எந்தெந்த அற்பாயுசு அணுக்கருக்கள் வழியாகப் பிறந்தன என்பதற்கு விடை, ஓட்டை போட்ட சுண்ணாம்பிலும் கார்பைடிலும் இருந்து வருகிறது.

மருத்துவத்துக்கும் பங்கு உண்டு. ஐசோல்டே இலக்குக்குள் புகும் புரோட்டான்களில் பெரும்பகுதி எதிலும் படாமல் மறுபக்கம் போய்விடும், தெரியுமா? அந்த வீண்போகும் புரோட்டான்களின் வழியில் இரண்டாவது இலக்கு ஒன்றை வைத்தார்கள். பெயர் மெடிசிஸ். 2017 டிசம்பரில் முதல் ஐசோடோப்பு வந்தது, டெர்பியம்-155. டெர்பியத்தில் நான்கு ஐசோடோப்புகள் மருத்துவர்களின் கனவு. வேதியியல் ஒன்றே, ஆனால் இரண்டு புற்றைப் படம்பிடிக்கவும், இரண்டு புற்றைத் தாக்கவும் உதவும். வேலூர் சி.எம்.சி.யில் அணுமருத்துவப் பிரிவு வாசலில் காத்திருக்கும் நம் ஆட்களுக்கு ஐசோடோப்பு என்பது புதிய சொல் அல்ல. நாளைக்கு அங்கே வரப்போகும் மருந்துகளுக்கான ஆராய்ச்சியும் இந்த நுண்துளை வில்லைகளில்தான் நடக்கிறது.

பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். டேனரி, ஷூ கம்பெனி, இல்லையென்றால் கம்ப்யூட்டர் என்று மூன்றே வழிதான் கண்ணுக்குத் தெரிகிறது நம் பக்கத்தில். விருத்தாசலத்தில் அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது, பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் டிப்ளமோ சேரலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கில் செராமிக் டெக்னாலஜி என்றே பி.டெக். படிப்பு இருக்கிறது. கவுன்சலிங் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் கப்பும் சாசரும் செய்யும் படிப்பு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். கல்பாக்கம் எரிபொருள் வில்லையும், ராணிப்பேட்டை உலைக்கல்லும், கொல்கத்தாவின் இலக்கும் எல்லாம் அந்தப் பாடத்துக்குள்தான் வருகின்றன!